கரண்ட் பில்லையும் சேர்த்து எழுதிய கார் கணக்கு

2023 ஜூன் கடைசியில் ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரை இரண்டு முறை உற்றுப் பார்த்தார். "வீட்ல புதுசா ஏதும் ஓடுதா சார்?" என்று கேட்டார். போர்டிகோவில் நின்ற மின்காரைக் காட்டினேன். அட்டையில் அவர் எழுதிவிட்டுப் போனது 915 யூனிட். கட்டவேண்டிய தொகை 5,700 ரூபாய். கார் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடும், 1,245 ரூபாய் கட்டுவோம்.

அன்று இரவுதான் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். என் தொழிலே கணக்கு எழுதுவதுதான். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லத்தில் ஒரு விவசாயக் கருவி நிறுவனத்தில் இருபது வருடமாக வரவு செலவு பார்க்கிறேன். ஆனால் கார் வாங்கும்போது ஷோரூமில் சொன்ன "கிலோமீட்டருக்கு அறுபது காசு" என்ற ஒரு வரியைத் திருப்பிக் கேட்காமல் நம்பிவிட்டேன். அந்த வரி முழுப் பொய் இல்லை. யூனிட் நாலரை ரூபாய், ஒரு யூனிட்டில் ஏழு கிலோமீட்டர், வகுத்தால் அறுபது காசு சொச்சம். என் வீட்டு மீட்டரில் கார் குடித்த யூனிட் எதுவும் நாலரை ரூபாய்க்கு வரவில்லை என்பதுதான் விஷயம்.

மின்கார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பலர் கடன் வாங்கித்தான் வாங்கப்போகிறார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு குடும்பத்தை அஞ்சு வருடக் கடனில் தள்ள எனக்கு மனம் இல்லை. அதனால் 2023 ஏப்ரல் முதல் 2025 செப்டம்பர் வரை, முப்பது மாதம், அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியதில் என் நோட்டில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒரு நல்ல வாய்ப்பும் அமைந்தது. அதே மாதம் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் மச்சானும் கார் எடுத்தார். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு. அவருடையது 1.2 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர். என்னுடையது 24 கிலோவாட் மணி, அதாவது 24 யூனிட் கொள்ளும் பேட்டரி. மின்காரில் கிளட்ச் கிடையாது என்பதால் ஆட்டோமேட்டிக் பெட்ரோலோடு வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். மேனுவல் கியர் காரோடு ஒப்பிட்டால் பெட்ரோல் பக்கம் இன்னும் அரை லட்சம் குறையும். அந்த வித்தியாசத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

என் கார் ஆன்ரோடு 11,52,000. மச்சானுடையது 8,44,000. இடைவெளி 3,08,000 ரூபாய். மச்சானின் தொகைக்குள் சாலை வரி மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் இருக்கிறது. அப்போது தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்குக் குறைவான காருக்கு வரி பத்து சதவீதம். மின்காருக்கு முழு விலக்கு. பத்து லட்சத்தைத் தாண்டிய கார் என்பதால் என்னிடம் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடித்தார்கள். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மறக்காமல் காட்ட வேண்டும்.

இந்த மூன்று லட்சத்தை யாரும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. நானும் கடன்தான் வாங்கினேன். ஒன்பது சதவீத வட்டியில் அஞ்சு வருடத்துக்கு 3,08,000 கூடுதல் கடன் என்றால் மாதத் தவணையில் சுமார் 6,400 ரூபாய் கூடும். மொத்த வட்டி எழுபத்தைந்தாயிரம் சொச்சம். ஆகவே மின்கார் எனக்கு மாதம் 6,400 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்துக் கொடுத்தால்தான் கையைக் கடிக்காமல் இருக்கும். இப்படி மாதக் கணக்காக மாற்றிக்கொண்ட பிறகுதான் எனக்கே தெளிவு வந்தது. மூன்று லட்சம் என்று சொன்னால் பயமாக இருக்கிறது. கிலோமீட்டருக்கு இத்தனை பைசா என்று சொன்னால் ஆசையாக இருக்கிறது. தவணையும் மிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் உண்மை தெரிகிறது.

இனி அந்தக் கரண்ட் பில்லுக்கு வருகிறேன். முப்பது மாதத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். நான் கணக்கு எழுதிய மாதங்களில் முதல் நூறு யூனிட் இலவசம். 2024 ஜூலையில் உயர்த்திய கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த நூறு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4.70. பிறகு படிப்படியாக 500 வரை அதே 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. ஐந்நூறாவது யூனிட்டில் நின்றால் 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் தாண்டினால் 2,048.

கார் ஓடும் யூனிட் எந்தப் படியில் ஏறி உட்காருகிறது என்பதுதான் கேள்வி. ஃபேன், மிக்ஸி, மோட்டார், ஏசி எல்லாம் ஏற்கனவே கீழ்ப்படிகளை எடுத்துக்கொண்டுவிடும். மேலே மிச்சமிருக்கும் விலை உயர்ந்த படிதான் காருக்கு. எங்கள் வீட்டு 420 யூனிட்டுக்கு இந்தக் கட்டணத்தில் 1,301 ரூபாய். காருக்கு 495 யூனிட் சேர்ந்து 915 ஆனால் 5,977 ரூபாய். வித்தியாசத்தை 495-ஆல் வகுத்தால் யூனிட் 9.45 ரூபாய். கோடையில் ஏசி ஓடும் இரண்டு மாதத்தில் அது பத்து ரூபாயைத் தொடும். ஒரு யூனிட்டில் என் கார் ஏழு கிலோமீட்டர் போகிறது. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 35 காசு. அறுபது காசைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த ஏழு கிலோமீட்டரும் மீட்டரில் பார்த்த எண். காரின் திரை எட்டு என்று காட்டும். சுவரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் சூடாகி வீணாவதைத் திரை கணக்கில் எடுப்பதில்லை. நாம் பணம் கட்டுவது மீட்டருக்கு. நான் காருக்கென்று ஒரு சின்ன சப் மீட்டர் மாட்டியிருக்கிறேன். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்த வேலை. அது இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் பாதி எண்களை எழுதியிருக்க முடியாது.

வாங்குவதற்கு முன்னால் யாரும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுவீர்களோ அதை ஏழால் வகுத்து, இரண்டால் பெருக்கி, ஒவ்வொரு பில்லின் யூனிட்டோடும் கூட்டிப் பாருங்கள். வரும் புதிய தொகைக்கும் பழைய தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் காரின் கரண்ட் செலவு. சராசரி யூனிட் விலையை வைத்துப் போடும் எந்தக் கணக்கும் தப்பாகத்தான் வரும்.

என் வீடு திருச்சி திருவெறும்பூரில். வேலை வல்லத்தில். துவாக்குடி, செங்கிப்பட்டி வழியாகப் போக வர எழுபத்திரண்டு கிலோமீட்டர். ஏசியோடு எண்பதில் ஓட்டினால் முழு சார்ஜில் இருநூறு கிலோமீட்டர் வரும். சோதனைச் சான்றிதழில் இருப்பது இதைவிட நூறு கிலோமீட்டருக்கும் மேல் அதிகம். சோதனைக்கூடமும் தஞ்சாவூர் சாலையும் ஒன்றில்லையே. ஒன்றுவிட்டு ஒருநாள் இரவு பத்து மணிக்குச் சொருகினால் விடிவதற்குள் நிரம்பிவிடும். பதினைந்து ஆம்பியர் பிளக்குக்குத் தனி வயர், தனி எம்சிபி, கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, புதிய எர்த் குழி எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய் ஆனது. எர்த் குழியில் மட்டும் யாரும் காசைப் பிடிக்க வேண்டாம். ஆறு மணி நேரம் தொடர்ந்து பதினைந்து ஆம்பியர் இழுப்பது மிக்ஸி ஓடுவது போல இல்லை. எங்கள் வீட்டில் த்ரீ ஃபேஸ் ஏற்கனவே இருந்தது. சிங்கிள் ஃபேஸ் வீடாக இருந்தால் லோட் கூட்டும் செலவையும் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பது மாதத்தில் 52,000 கிலோமீட்டர் வீட்டு மின்சாரத்தில் ஓடியது. சுமார் 7,430 யூனிட், 68,000 ரூபாய். மீதி 8,000 கிலோமீட்டர் வெளியூர்ப் பயணம். அதற்குப் பொது சார்ஜிங். வரியோடு சேர்த்து யூனிட்டுக்குச் சராசரி 21 ரூபாய் கொடுத்திருக்கிறேன். 24,000 ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். வீட்டில் சொருக இடமில்லாமல் முழுக்கப் பொது சார்ஜிங்கை நம்பி மின்கார் வாங்குபவர்களுக்குக் கிடைக்கும் விலை இதுதான். பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனால் மூன்று லட்சம் இடைவெளியை நிரப்பும் அளவுக்குக் குறைவு இல்லை.

பெட்ரோல் பக்கத்துக்கு எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். 2023 நவம்பர் மழையில் செங்கிப்பட்டி தாண்டி ரோட்டில் கிடந்த ஒரு கல் காரின் அடியில் பலமாக மோதியது. பேட்டரிக்குக் கீழே இருக்கும் பாதுகாப்புத் தகடு நசுங்கிவிட்டது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. தகடு மாற்ற ஒரு நாள் வேலை. ஆனால் இன்ஷூரன்ஸ் அனுமதி வர 23 நாள் ஆனது. சர்வேயர் வந்து பார்த்தார், பேட்டரியைத் திறந்து சோதித்த அறிக்கை கேட்டார், பிறகு இன்னொருவர் வந்தார். அந்த 23 நாளும் கார் ஷெட்டில் நின்றது.

மச்சான் போன் போட்டு, "என் வண்டிய எடுத்துக்கிட்டுப் போ மாப்ள, எனக்கு ஆபீஸ் பக்கத்துலதானே, டூவீலர் போதும்" என்றார். அவர் காரில் பதினாறு நாள் வல்லம் போய் வந்தேன். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தேன். 1,150 கிலோமீட்டருக்கு 68 லிட்டர். லிட்டருக்குப் பதினேழு. 6,900 ரூபாய். அதே தூரம் என் காரில் 164 யூனிட், அன்றைய கட்டணத்தில் 1,500 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அந்தப் பதினாறு நாள்தான் இந்தக் கணக்கின் முதுகெலும்பு. ஒரே ஓட்டுநர், ஒரே சாலை, ஒரே மாடல்.

ஸ்ரீரங்கத்துச் சந்து, சத்திரம் பேருந்து நிலைய நெரிசல் என்று ஓட்டும் மச்சானுக்கு அதே காரில் பதிமூன்றரைதான் கிடைக்கிறது. அவருக்குக் கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய், எனக்கு ஆறு. நெரிசலில் பெட்ரோல் கார் அதிகம் குடிக்கும், மின்கார் குறைவாகக் குடிக்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சார்ஜ் திரும்பி ஏறுவதால் ஊருக்குள் என் கார் யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர் வரை போகிறது. பைபாஸில் நூறில் விரட்டினால் ஆறுக்கு இறங்கிவிடும்.

ஆக, அறுபதாயிரம் கிலோமீட்டரை நான் பெட்ரோலில் ஓட்டியிருந்தால் லிட்டர் 102 என்ற கணக்கில் 3,60,000 ரூபாய். ஓட்டியது 92,000-க்கு. மிச்சம் 2,68,000.

சர்வீஸ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆயில் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை, பிளக் இல்லை. முப்பது மாதத்தில் 15,000 ரூபாய். பெட்ரோல் காரில் இந்த ஓட்டத்துக்கு 38,000 ஆகியிருக்கும் என்று அதே சர்வீஸ் சென்டரில் பில் போட்டுக் காட்டினார்கள். கார் வாங்கியபோது வந்த பிரேக் பேடு இன்னும் மாற்றவில்லை. டயர் மட்டும் சீக்கிரம் தேய்ந்தது. 42,000 கிலோமீட்டரில் நாலும் மாற்றினேன், சுமார் இருபதாயிரம். பேட்டரி எடையும் காலை வைத்தவுடன் பாயும் இழுவையும் டயரைத் தின்கின்றன. பெட்ரோல் காரிலும் இந்நேரம் டயர் மாற்றியிருக்க வேண்டியதுதான் என்பதால் வித்தியாசமாக எழுதவில்லை. நிதானமாகக் கிளப்பினால் இன்னும் அஞ்சாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கும்.

இன்ஷூரன்ஸில் எதிர்பாராதது ஒன்று இருந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்காருக்கு 15 சதவீதத் தள்ளுபடி என்று அரசு அறிவித்திருக்கிறது, உண்மைதான். என் காரைப் போல 30 முதல் 65 கிலோவாட் மோட்டார் உள்ள புதுக் காருக்கு நான் வாங்கியபோது மூன்று வருடத்துக்கு 9,044 ரூபாய். 1000 முதல் 1500 சிசி பெட்ரோலுக்கு 10,640. ஆனால் சொந்தச் சேதக் காப்பீடு காரின் மதிப்பை வைத்துப் போடுவது. விலை கூடிய காருக்கு பிரீமியமும் கூடும். இரண்டு புதுப்பித்தலில் நான் கட்டியது 46,500, மச்சான் கட்டியது 31,500. தள்ளுபடியெல்லாம் இதில் கரைந்துவிட்டது. மோட்டார் 65 கிலோவாட்டைத் தாண்டினால் மூன்றாம் நபர் பிரீமியமே அடுத்த படிக்கு ஏறிவிடும். வருடத்துக்கு 2,904 இருந்த இடத்தில் 6,712. சக்தி வாய்ந்த மின்கார் பார்ப்பவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் ஜீரோ டெப் எடுக்கும்போது அதில் பேட்டரியும் அடங்குமா, தண்ணீர் புகுந்தால் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். கல் மோதிய அன்றுதான் நான் பாலிசியை முழுதாகப் படித்தேன். காரை எடுப்பதற்கு முன்னாலேயே படித்திருக்க வேண்டும்.

எல்லாம் கூட்டிக் கழித்தால் எரிபொருளில் 2,68,000, சர்வீஸில் 23,000 லாபம், இன்ஷூரன்ஸில் 15,000 நஷ்டம். முப்பது மாதத்தில் 2,76,000. மாதம் 9,200 ரூபாய். தவணையில் கூடியது 6,400. கையில் நிற்பது 2,800. ஒவ்வொரு மாதமும் நிஜமாகவே நின்றது. இதை நான் சந்தோஷமாகச் சொல்கிறேன்.

இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். 2025 அக்டோபரில் கரூர் பைபாஸ் பக்கம் பழைய கார் வாங்கி விற்கும் மூன்று இடங்களுக்கு என் காரைக் கொண்டுபோய்க் காட்டினேன். விற்க அல்ல, விலை தெரிந்துகொள்ள. ஒருவர் ஏறிக்கூடப் பார்க்கவில்லை, மின்கார் எடுப்பதில்லை என்றார். மற்ற இரண்டு பேரில் அதிகம் சொன்னவர் 5,40,000. 11,52,000-க்கு வாங்கியது. ஆறு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. மச்சான் காரை அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியதாக வைத்து விலை கேட்டால் 5,20,000 என்றார்கள். அவருக்குப் போனது 3,24,000. மதிப்பிழப்பில் மட்டும் எனக்கு 2,88,000 கூடுதல். முப்பது மாதத்தில் கூடுதல் கடனுக்குக் கட்டிய வட்டி 55,000. வயரிங் 9,500. மொத்தம் மூன்றரை லட்சம். மிச்சம் பிடித்ததோ 2,76,000. அன்றைக்கே விற்றிருந்தால் பெட்ரோல் கார் வாங்கியவனைவிட எழுபத்தாறாயிரம் ரூபாய் பின்னால் நின்றிருப்பேன்.

மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியும் இப்படி. இதை மறைத்துவிட்டு "எலக்ட்ரிக் எடுங்க, பெட்ரோல் காசு மிச்சம்" என்று சொல்வது நியாயமில்லை.

ஏன் இவ்வளவு விழுந்தது என்று பிறகு யோசித்தேன். 2024 பிப்ரவரியில், நான் வாங்கிப் பத்தே மாதத்தில், என் மாடலின் புது விலையே குறைந்துவிட்டது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கும். பேட்டரியின் உடல்நிலையைப் பார்த்து விலை சொல்லும் பழக்கமும் நம் ஊரில் இன்னும் வரவில்லை. ஓடிய கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள், மின்சாரம் என்று கேட்டதும் ஒரு லட்சம் குறைக்கிறார்கள். என் பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. வாங்கியபோது 205 கிலோமீட்டர் போன அதே சாலையில் இப்போது 195 போகிறது. அறுபதாயிரத்துக்கு இது பெரிய தேய்மானம் இல்லை. அதை அந்தக் கடைக்காரரிடம் காட்ட எனக்கு ஒரு வழியும் இல்லை. வாங்கும் நாளிலிருந்தே முழு சார்ஜ் தூரத்தைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள், சர்வீஸில் பேட்டரி சோதனை அறிக்கை கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். விற்கும் நாளில் பேச அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

ஆகவே நான் விற்கப்போவதில்லை. மதிப்பிழப்பின் பெரும்பகுதி முதல் மூன்று வருடத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. இனி விழுவது குறைவு, மிச்சம் அதே 9,200. இன்னும் முப்பது மாதத்தில் கடன் தீரும். பிறகு முழுதும் மிச்சம்தான். வாரன்ட்டியைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. வருடம் 24,000 ஓட்டும் எனக்கு ஆறு வருடம் எட்டு மாதத்தில் கிலோமீட்டர் முடிந்துவிடும். நிறைய ஓட்டுபவருக்குத்தான் மின்கார் லாபம், நிறைய ஓட்டுபவருக்குத்தான் வாரன்ட்டி சீக்கிரம் தீரும். எத்தனை வருடம் வைத்திருப்போம் என்பதை இந்த இரண்டுக்கும் நடுவில் முடிவு செய்ய வேண்டும்.

மச்சான் எடுத்த முடிவு சரியா என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். அவர் மாதம் 800 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார். மின்காராக இருந்திருந்தால் மாதம் அஞ்சாயிரம் சொச்சம் மிச்சமாகியிருக்கும். தவணையில் கூடுவது 6,400. ஒவ்வொரு மாதமும் கையிலிருந்து போட வேண்டும். அதோடு அவர் இருப்பது அடுக்குமாடி. கார் நிறுத்துமிடத்தில் பிளக் கிடையாது. சங்கத்தில் கேட்டதற்கு, பொது மீட்டரில் யார் பில் கட்டுவது என்ற சண்டையிலேயே கூட்டம் முடிந்ததாம். அவருக்கு பெட்ரோல்தான் சரி. நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

வெளியூர்ப் பயணத்துக்கும் அவர் கார்தான் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் துணை. 2025 பொங்கலுக்கு முந்தைய நாள் சென்னையிலிருந்து திரும்பும்போது உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு சார்ஜிங் நிலையத்தில் காரில் சொருகும் இரண்டு சார்ஜிங் துப்பாக்கியில் ஒன்று வேலை செய்யவில்லை. எங்களுக்கு முன்னால் இரண்டு கார். சார்ஜ் ஏறுவதற்கு முன்பே ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றோம். அம்மாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அன்று முடிவு செய்தேன். பண்டிகை நாளில் சென்னைக்கு என் கார் போகாது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், இல்லையென்றால் மச்சான் கார். வீட்டில் ஒரே கார் வைத்திருப்பவர்கள், வருடத்தில் எத்தனை முறை முந்நூறு கிலோமீட்டர் தாண்டுவோம் என்று எண்ணிப் பார்த்து அந்தச் செலவையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் எண்கள் 2023-இல் வாங்கியவனின் எண்கள். இன்று வாங்குபவருக்கு வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. மச்சான் கார் வகையில் அறுபதாயிரம் வரை குறையும். மின்காருக்கு ஏற்கனவே இருந்த அஞ்சு சதவீதம்தான். மறுபக்கம், 2023 நவம்பரிலிருந்து அஞ்சு முதல் பத்து லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம். எனக்கு வருமான வரியில் கிடைத்த 80இஇபி பிரிவு வட்டிச் சலுகை, 2023 மார்ச் 31-க்குள் ஒப்புதலான கடனுக்கு மட்டும். இன்று கிடையாது. அதனால்தான் அந்த வரி மிச்சத்தை என் கணக்கில் சேர்க்கவில்லை.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டமும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் என்ற மின்கார் வந்தபோது கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்று அறிவித்தார்கள். கார் விலை குறைவாகத் தெரியும். என் ஓட்டத்துக்கு அந்த 3.50-உடன் கரண்டையும் சேர்த்தால் அஞ்சு ரூபாய் ஆகிவிடும், நெடுஞ்சாலையில் பெட்ரோல் கார் ஆறு ரூபாய்க்கு ஓடுகிறது. குறைவாக ஓட்டி, முன்பணம் கட்ட முடியாதவருக்கு அது பொருந்தலாம்.

மேற்கூரையில் சூரிய மின்தகடு போடுவதை இரண்டு வருடம் தள்ளிப் போட்டேன். கடைசியில் 2025 ஆகஸ்டில் மூன்று கிலோவாட் போட்டோம். செலவு 2,05,000, பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 78,000 மானியம். நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் வருகிறது. மேல்படியில் பத்து ரூபாய்க்குக் கார் குடித்துக்கொண்டிருந்த யூனிட்தான் முதலில் கழிகிறது. இன்னும் ஒரே ஒரு பில்தான் வந்திருக்கிறது, ஆயிரம் சொச்சம். ஒரு பில்லை வைத்துப் பேச விரும்பாததால் மேலே சொன்ன எந்த எண்ணிலும் அதைச் சேர்க்கவில்லை.

போன வாரம் எங்கள் ஆபீஸில் ஸ்டோர்ஸ் பார்க்கும் தம்பி, "அண்ணே, நானும் கரண்ட் வண்டி எடுக்கலாம்னு இருக்கேன்" என்றான். தஞ்சாவூரில் தனி வீடு, ஆனால் தினமும் பதினெட்டு கிலோமீட்டர்தான் ஓட்டம். கடைசி ஆறு பில்லைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். திங்கள்கிழமை சாப்பாட்டு நேரத்தில் உட்காருகிறோம்.